பேராண்டியும் சோலர் லாக்கும்

ஏண்டா பேராண்டி, மரக்காணத்துக் காத்து வாங்க வந்தேன்னு சொன்னே. வந்ததுலேர்ந்து திண்ணையில குந்திக்கினு அந்த லாக் ஃபைலை மேலேர்ந்து கீழே தள்ளிக்கினே இருக்கியே, அது இன்னா திருப்புகழா, பாராயணம் பண்ணா புண்ணியம் சேர்றதுக்கு?

நீ போன்ல கத்துன கத்துல பாதி எனக்கே மனப்பாடம். சோலர்னு ஒரு சர்வர். எவன் எதைத் தேடினாலும் ஒரு வரி எழுதிடுது. இன்னா கேட்டான், எத்தினி கிடைச்சுது, எத்தினி மில்லிசெகண்ட் ஆச்சு. ஹிட்ஸ், ஸ்டேட்டஸ், க்யூடைம்னு வரி கடைசியில பைசல் பண்ணி வெச்சிருக்கு. உப்பளத்துல மூட்டைக் கணக்கு எழுதுனவன் நானு, இவ்ளோ யோக்கியமா எழுதுனதில்ல.

கஸ்டமர் ராத்திரி எட்டு மணிக்குத் தேடல் நின்னுச்சுன்னான். நீயும் எட்டு மணி வரியைத் தோண்டுன. பலே கெட்டிக்காரன்! லாக்ல இருக்கிறது யுடிசி நேரமாச்சே. நம்ம எட்டு மணி அதுக்குப் பகல் ரெண்டரை. நீ தோண்டுனது நம்ம ராத்திரி ஒன்றரை மணி. அப்போ எவன் தேடுவான்? ஊரே குறட்டை.

அடுத்தது கிரெப், ஃபைல்ல வரி தேடுறது. 1973-லயே கென் தாம்ப்சன் எழுதுன சாமான், உங்கப்பனுக்கு மூத்தது. அதுல பெரிசு சிறிசு எழுத்து பார்க்காம 'எர்ரர்'னு போட்டே. எவனோ 'பிரின்டர் எர்ரர்'னு தேடுனதெல்லாம் வந்து குவிஞ்சுது. குத்தம் யாருது, கிரெப்பா நீயா? எல்லாம் பெரிய எழுத்துல, நேரத்துக்குப் பக்கத்துல நிக்கிற எர்ரரைக் கேளு. அதுக்குக் கீழே இருபது முப்பது வரியும் சேர்த்து எடு. 'காஸ்டு பை'ன்னு கீழே கிடக்குறதுலதான் விஷயமே இருக்கும், தலைப்பு வரி சும்மா கூவும். எர்ரரே இல்லாம இழுக்குதா? க்யூடைமுக்குப் பக்கத்துல நாலு இலக்கமோ அதுக்கு மேலயோ இருக்கிற வரிய மட்டும் கேளு. ஒரு செகண்டும் அதுக்கு மேலயும் மென்னதெல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

இதெல்லாம் அப்பறம். சோலர் சும்மா விட்டா 32 எம்பிக்கு ஒரு ஃபைல் மாத்தும், பழசுல பத்தைத்தான் வெச்சிருக்கும், மிச்சத்தை அழிச்சிடும். ஐப்பசி மழைக்கு முன்னாடி உப்புக் குவியலுக்கு ஓலை போடாதவன் கதைதான் உனக்கும். எழுந்திரு, டீ அப்பறம் குடிக்கலாம், அந்த ஃபைலுங்களை மொதல்ல காப்பி எடுத்து வேற இடத்துல வை.