உளவுத்துறைக்கே சவால் விட்ட கத்தல் கோஷ்டி

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் டயல் ஹவுஸ் என்ற பழைய வீட்டில் 1977இல் ஒரு பங்க் இசைக் கோஷ்டி கூடியது. பெயர் க்ராஸ். அரசு, போர், சர்ச், பணம் என்று எதையும் விட்டுவைக்காமல் திட்டுவதே தொழில். எல்லோரும் கறுப்பு உடை. டிரம்ஸ் பென்னி ரிம்போ, பாட்டு ஸ்டீவ் இக்னொரன்ட். பாட்டு என்பது மரியாதைக்காகச் சொல்வது.

1978இல் முதல் ரெக்கார்ட். அதை அச்சடித்த அயர்லாந்துத் தொழிற்சாலை ஊழியர்கள், முதல் உருப்படி தெய்வ நிந்தனை என்று கையை விரித்துவிட்டார்கள். கோஷ்டி சளைக்கவில்லை. அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டு, 'பேச்சுச் சுதந்திரத்தின் ஓசை' என்று பெயர் சூட்டியது. க்ராஸ் வெளியிட்டதிலேயே காதுக்கு இதமானது அதுதான் என்பது என் கட்சி.

பிறகு அந்த உருப்படியைத் தனி ரெக்கார்டாக 45 பென்ஸுக்கு விற்றார்கள். வரியைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனதால் விற்க விற்க நஷ்டம். அரசே வேண்டாம் என்பவர்களுக்கு வரி எப்படி ஞாபகம் வரும்?

1981இல் 'லவிங்' என்ற காதல் பத்திரிகையை அணுகினார்கள். 'கிரியேட்டிவ் ரெக்கார்டிங் அண்ட் சவுண்ட் சர்வீசஸ்' என்ற கம்பெனியாம். கல்யாணப் பெண்களுக்கு இலவசப் பாட்டுத் தட்டு தருகிறார்களாம். முதலெழுத்துகளைக் கூட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்தைக் கிண்டலடிக்கும் பாட்டு, தேன் தடவி, வாசகியர் வீடு தேடிப் போனது.

அடுத்த வருஷம் பிரிட்டன் அர்ஜென்டினாவுடன் மோதிய ஃபாக்லாந்து போர். பிரதமர் மார்கரெட் தாட்சரை ஆயிரம் பிணங்களுக்குத் தாயாக்கி க்ராஸ் ஒரு ரெக்கார்ட் போட, ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் வழக்குப் போடச் சொல்லிக் குதித்தார். கோஷ்டிக்குக் காசில்லா விளம்பரம்.

பெரிய கூத்து இனிமேல்தான். தாட்சர், அமெரிக்க அதிபர் ரீகன் இருவரின் பேச்சுகளையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, இருவரும் டெலிபோனில் போர் ரகசியம் பேசுவதுபோல ஒரு கேசட் தயாரித்தார்கள். ஒட்டுவேலை சுமார்தான். ஆனாலும் 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அதை அலசி ஆராய்ந்து, இது சோவியத் கைவரிசை என்றது. எஸ்ஸெக்ஸில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தவர்களின் உழைப்பு சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. கணக்கில் வரவு வைக்கப்பட்டது! 1984 ஜனவரியில் 'அப்சர்வர்' பத்திரிகை உண்மையை உடைத்த பிறகுதான் பெயர் உரியவர்களுக்கு வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு, வேல்ஸின் அபெர்டேரில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கடைசிக் கச்சேரி. அதோடு கலைந்தார்கள். அணு ஆயுத எதிர்ப்புக்கு அவர்கள் இழுத்துவந்த இளைஞர்கள் ஏராளம். க்ராஸின் சின்னம் பின்னாளில் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் டி ஷர்ட்டிலும் ஏறியது. பெக்காம் எந்த அரசையும் கவிழ்த்ததாகத் தகவல் இல்லை.