கீலியல்: ஓடும் வீட்டின் கோணல் கதவுகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

படுக்கை, அடுப்பு, கழிப்பறை, அலமாரி சகிதம் சாலையில் ஓடும் வீட்டுக்கு மோட்டார்ஹோம் என்று பெயர். அதன் எஞ்சினைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. எந்த ஊரில் எங்கே நிறுத்தலாம் என்பதற்கு வழிகாட்டிகள் உண்டு. ஆனால் அதன் அலமாரிக் கதவு, யாரும் தொடாமலே திறந்துகொண்டு, ஒரு பீங்கான் கோப்பையை ஓட்டுநரின் பிடரிக்குக் குறிவைப்பது ஏன் என்ற கேள்விக்குச் சாத்திரம் எதுவும் எழவில்லை. அந்தக் குறை நீங்கவே இவ்வாய்வு. களம் பிரிட்டன், காலம் விடுமுறைக் காலம், வானிலை, சொல்லவே வேண்டாம், மழை.

முதலில் முன்னோர் வணக்கம். கடற்படை மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் கார்டன் ஸ்டேபிள்ஸ், 'வாண்டரர்' என்ற வண்டி வீட்டைப் பிரிஸ்டல் நகரில் செய்யச் சொல்லி, 1885இல் இங்கிலாந்தின் டுவைஃபோர்டிலிருந்து வடக்கே இன்வர்னஸ் வரை போய்வந்தார். எடை ஏறக்குறைய 2 டன். இழுத்தவை இரண்டு குதிரைகள். முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு பணியாள், எதிரே வருகிறவர்களை எச்சரித்தபடி. கீலியலுக்கு வேண்டிய செய்தி வேறு: அந்த வண்டி மகாகனி மரத்தால் ஆனது. மகாகனியில் இறங்கிய ஸ்குரு இறங்கியதுதான். வண்டியின் எடையைப் பற்றிக் குதிரைகளுக்குக் கருத்து இருந்திருக்கலாம், அரசாங்கத்துக்கு இல்லை.

இன்று அரசாங்கத்துக்கும் கருத்து உண்டு. 1997 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் கார் ஓட்டத் தேறியவர்கள், சாதாரண உரிமத்தில் 3,500 கிலோ வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம் என்று விதி வந்தது. அதற்கு முன் தேறியவர்களுக்கு 7,500 கிலோ. எஞ்சின், தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர், நாற்காலி, நாய், மாமியார் எல்லாம் அந்த மூன்றரை டன்னுக்குள் அடங்கியாக வேண்டும். எதில் கைவைப்பது? மாமியாரில் முடியாது. பலகையில் கைவைத்தார்கள். பாப்லர் மரத்தின் இலேசான பிளைவுட் அலமாரிகளுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுநர் உரிமச் சட்டத்துக்கும் ஆடும் கீலுக்கும் உள்ள உறவு இப்படிப்பட்டது. சட்ட வல்லுநர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நம்மூர்த் தச்சர்கள் 'ஆட்டோ ஹிஞ்ச்' என்று கேட்டு வாங்கும் கிண்ணக் கீல்தான் அங்கும். கதவின் உட்புறத்தில் 35 மி.மீ. அகலத்தில் வட்டமாகக் குடைந்து கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். ஆழம் சுமார் 12 மி.மீ. கதவே 15 மி.மீ. என்றால் மிச்சம் நிற்பது 3 மி.மீ. பக்கத்தில் இரண்டு குட்டை ஸ்குருக்கள். நீளமாகப் போட்டால் மூக்கு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இந்த ஏற்பாட்டின்மேல், குண்டும் குழியுமான சாலை நாள் முழுக்க அதிர்வைச் செலுத்துகிறது. ஸ்குரு தளர்வதில் வியப்பில்லை. அத்தனை காலம் தளராமல் இருந்ததுதான் வியப்பு.

இனிப் பரபக்கம். கதவு நிலையில் உட்காராவிட்டால் உலகோர் இரு பிரிவாவர். முதற்பிரிவினர் தோளால் இடிப்பர். இரண்டாம் பிரிவினர் இழைப்புளி எடுத்துக் கதவின் விளிம்பைச் சீவுவர். முன்னவரை மன்னிக்கலாம். பின்னவர் சீவிய கதவு, மறுநாள் வண்டி வேறு தரையில் நிற்கும்போது, விரல் நுழையும் சந்தோடு இளிக்கும்.

ஏனெனில் குற்றவாளி பெரும்பாலும் கதவே அல்ல. புல்தரையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், ஒரு கால் குட்டையான கயிற்றுக் கட்டில் மாதிரி வண்டியின் உடல் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். செவ்வகமாக இருந்த வாசல் இணைகரமாகும். மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பின்மூலைகளில் இறக்கிவிடும் தாங்குகால்களை ஜாக்கியென்று நினைத்து வண்டியைத் தூக்கப் பார்ப்பவர்கள் இந்த முறுக்கைத் தங்கள் கையாலேயே உண்டாக்குகிறார்கள். எனவே நம் சித்தாந்தம்: ஸ்குரு டிரைவரை எடுக்குமுன் ரசமட்டத்தை எடுக்க. சக்கரத்தடியில் சாய்வுக்கட்டை வைத்துச் சமன் செய்தபின்னும் கதவு தட்டினால் மட்டுமே கீலை விசாரிக்க.

விசாரணை முறை வருமாறு. கிண்ணக் கீலில் முன்னால் உள்ள ஸ்குரு கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும். பின்னால் உள்ளது முன்பின்னாக. கைப்பிடிப் பக்கம் தொங்கிவிட்ட கதவுக்கு, மேல் கீலின் முன் ஸ்குருவைத் திருகிக் கீல் பக்க மேல்மூலையைச் சட்டத்தின் பக்கம் இழுத்தால் தொங்கிய மூலை மேலே எழும். அரைத் திருகு போதும். ஸ்குருவின் தலையில் கூட்டல் குறிக்கு இடையே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது பாஸிடிரைவ். ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வகை அல்ல. பாஸிடிரைவில் பிலிப்ஸ் முனையைச் செருகினால் வழுக்கி வழுக்கித் தலை வழுக்கையாகும்.

துளை பெருத்து ஸ்குரு சும்மா சுற்றுகிறதா? பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் திணித்து, ஓர் இரவு காயவிட்டு, நீட்டியதை அறுத்துவிட்டுத் திரும்பத் திருகலாம். பல்குச்சியே ஈரமாக, பலகை விரலுக்கு மெத்தென்று இருந்தால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்தி, மழைநீர் எந்த இணைப்பு வழியே இறங்குகிறது என்று தேட வேண்டும். ஊறிய மரம் எந்த ஸ்குருவையும் பிடிக்காது.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிக்கு அளவுகோலாக இவ்வாய்வு பவுண்டு நாணயத்தைக் கொண்டது. பழைய வட்ட நாணயம் 3.15 மி.மீ. தடிமன், 2017இல் வந்த பன்னிரண்டு பக்க நாணயம் 2.8 மி.மீ. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் தேதி பழையது செல்லாததாயிற்று. கீலியலாரை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

ஒரு துணைக் கருதுகோள். பிரிட்டனின் சாலை வட்டங்களில் வண்டிகள் வலஞ்சுழியாகச் சுற்றும். வண்டிக்குள் இருப்பதெல்லாம் இடப்பக்கம் தள்ளப்படும். ஆகவே வலது சுவர் அலமாரிகள்தான் வாய் பிளக்க வேண்டும். கடல் தாண்டிப் பிரான்சில் இறங்கினால் சுழற்சி மாறும்; இடது சுவரின் முறை. சாஸ்பானை எந்தப் பக்கம் அடுக்குவது என்பது, ஆக, பயணம் போகும் நாட்டைப் பொறுத்தது.

புறனடை: சில வண்டிகளில் கழிப்பறைக்கு உருட்டுக்கதவு வைக்கிறார்கள். மெல்லிய சட்டங்கள் தடத்தில் வழுக்கி வளைந்து மறையும், கீலே கிடையாது. அதுவும் சிக்கிக்கொள்கிறது, அதுவும் ஆள் உள்ளே இருக்கும்போது. அதன் இலக்கணம் தனி நூலுக்குரியது. ஈண்டு விரிப்பிற் பெருகும்.