இருட்டும் இலவசம்

சைக்கிளில் விளக்கு இல்லையென்றால் ஒரு காலத்தில் போலீஸ்காரர் பிடிப்பார். சட்டைப்பையில் காசு இல்லையா? வால்டியூபைப் பிடுங்கிக்கொண்டு, தள்ளிக்கொண்டே போ என்பார். அநியாயம்தான். ஆனால் அந்தப் பயத்திலாவது சைக்கிளில் டைனமோ இருந்தது. டயரில் உரசி, கொர்ரென்று கத்தி, மிதிக்கிற காலைக் கனக்க வைத்து, பத்தடிக்கு மஞ்சளாய் வெளிச்சம் காட்டியது.

இப்போது யாரும் பிடிப்பதில்லை. சைக்கிள்காரனிடம் என்ன தேறும்?

அரசுக்கு விளக்கில் அக்கறை இல்லை என்று பழி சொல்லக்கூடாது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய பைக்குகளில் பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிகிறது. மே 1 முதல் வி.ஐ.பி. கார்களின் சிவப்புச் சுழல்விளக்குக்கு விடுதலை. சைக்கிளுக்கு? 2020இல் ரிஃப்ளெக்டரின் தரம் பற்றி ஓர் ஆணை வந்தது. சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் வருகிற லாரி விளக்குப் போட்டு வந்தால், அந்த இரவலில் மின்னிக்கொள்ளலாம். லாரிக்காரர் மனசு வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள். நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. கூடை உண்டு. கேரியர் உண்டு. பெல் உண்டு. அரசு முத்திரை பளிச்சென்று உண்டு. விளக்கு மட்டும் இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அந்தப் பெண் பைபாஸில் ஏறும்போது மணி ஏழு. கம்பம் நிற்கிறது, பல்ப் எரியவில்லை. எதிரே கண்ணைப் பிடுங்கும் எல்.இ.டி. ஹைபீம்.

அடிபட்டால் ஒரே வாக்குமூலம்: 'இருட்டில் சைக்கிள் தெரியலை சார்.' டிரைவருக்குச் சைக்கிள் தெரியவில்லை. வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுத்தவருக்கு ஹைபீம் தெரியவில்லை. சாலையைப் பராமரிப்பவருக்கு அணைந்த பல்ப் தெரியவில்லை. டெண்டர் போட்டவருக்கு டைனமோ என்ற பொருளே தெரியவில்லை. இத்தனை பேருக்குக் கண் தெரியாத ஊரில், குற்றவாளி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அறிவுரை வேறு: வெளிர்நிறச் சட்டை போடு. சீருடை நிறத்தை முடிவு செய்வது அந்தப் பிள்ளையா?

சைக்கிள் வழங்கும் மேடையில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கும் மாண்புமிகுக்களே, அதே சைக்கிளில் இரவு எட்டு மணிக்கு, காவல் வண்டி இல்லாமல், பைபாஸில் இரண்டு கிலோமீட்டர் போய்வாருங்கள். அப்புறம் டெண்டரில் கையெழுத்துப் போடுங்கள்.