கண் சிமிட்டினால்தான் கணக்கு!

? எங்கள் சைட்டைப் பார்வையற்றவர்கள் யாருமே பயன்படுத்துவதில்லை. பிறகு எதற்கு அவர்களுக்காக மெனக்கெட வேண்டும்? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

கடை ஷட்டரை இறக்கிவிட்டு, 'ஆளே வரலை' என்று கணக்கு எழுதுகிறீர்களா?

? மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி சைட்டை அமைப்பதெல்லாம் இரக்கப்பட்டுச் செய்கிற காரியம்தானே? (வாசகர், மதுரை)

மேனேஜர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அடையாளச் சரிபார்ப்புக்காக (கே.ஒய்.சி.) 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்றது கேமரா. ஆசிட் வீச்சில் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பானது. கூடவே 20 உத்தரவுகள். இரக்கத்துக்கு ஹெச்.ஆர். போஸ்டரிலிருந்து சட்டப் பிரிவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது!

? எங்கள் ஆபீஸில் இப்போது மாற்றுத்திறனாளிகள் மேல் திடீர் அக்கறை. போதி மரம் எங்கே இருக்கிறது? (வாசகி, கோவை)

ஐரோப்பாவில். டிஜிட்டல் சேவைகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் அணுகல் சட்டம் அங்கே 2025 ஜூன் 28 முதல் அமலில் இருக்கிறது. நம் ஊரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. ஆனால் யூரோவில் சொன்னால்தான் சிலருக்கு உறைக்கிறது.

? ஸ்கிரீன் ரீடர் வாங்கி டெஸ்ட் செய்ய பட்ஜெட் இல்லை என்கிறாரே டீம் லீட்? (வாசகர், ஓசூர்)

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்கிற ஸ்கிரீன் ரீடர் இலவசம். 2006-இல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்றே டவுன்லோட் செய்யுங்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் சைட்டில் ஒரே ஒரு ஆர்டர் போடச் சொல்லுங்கள், டீம் லீடை!