குட்டைக் கியர் ராடு: பயனும் பயனின்மையும் – ஓர் ஆய்வு முன்னோட்டம்

1. ஆய்வின் தேவை

உலகில் தீராத சிக்கல்கள் பல உள. பெரியவற்றை ஆராய ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். அவர்கள் நகர்ந்து இடம் விடுவதாகவும் தெரியவில்லை. ஆகவே யாரும் சீந்தாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது இக்கால ஆய்வாளரின் தலையாய கடமையாகிறது. கையால் கியர் போடும் காரில், கம்பெனி வைத்து அனுப்பிய கியர் ராடைக் கழற்றிவிட்டு, 'ஷார்ட் ஷிஃப்டர்' எனப்படும் குட்டை ராடை மாட்டுவது தகுமா தகாதா என்பது அப்படிப்பட்ட ஒரு பொருள். இதுபற்றித் தமிழில் ஆய்வேடு எதுவும் இக்கட்டுரையாளர் கண்ணில் படவில்லை, தேடவும் இல்லை. 'இதுவரை எவரும் ஆராயாத பொருள்' என்று முன்னுரையில் எழுதிக்கொள்ள, தேடாமல் இருப்பதே போதும் என்பது மரபு.

2. ஆய்வின் எல்லை

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்போர் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3. நெம்பியல்

கியர் ராடு என்பது ஒரு நெம்புகோல். உச்சியில் குமிழ், இடையில் பந்து, ராடு அதன்மேல்தான் சாய்ந்து திரும்பும், பந்துக்குக் கீழே ஒரு குட்டைக் கை. அந்தக் கை சில வண்டிகளில் நேராகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். சிலவற்றில் கம்பியையோ கேபிளையோ தள்ளும். பந்துக்கு மேலே 300 மில்லிமீட்டர், கீழே 50 மில்லிமீட்டர் என்று கொள்க. விகிதம் ஆறுக்கு ஒன்று. உள்ளே 10 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால் வெளியே கை 60 மில்லிமீட்டர் போயாக வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் செய்கிறவர் அந்தக் கீழ்க்கையை 75 ஆக நீட்டிவிடுகிறார். விகிதம் நாலுக்கு ஒன்று ஆகிறது. இப்போது கை 40 மில்லிமீட்டர் போனால் போதும்.

அற்றேல், அஃது ஆதாயமே போலும் எனின், அற்றன்று. தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அழுத்தம் ஒன்றரை மடங்கு ஏறும். 2 கிலோ விசையில் விழுந்த கியர் இனி 3 கிலோ கேட்கும். 60ஐ 2ஆல் பெருக்கினாலும் 40ஐ 3ஆல் பெருக்கினாலும் 120தான். ஆர்க்கிமிடீஸ் நெம்புகோல் கணக்கை வகுத்து இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகியும் இயற்கை இதில் தள்ளுபடி அறிவிக்கவில்லை, ஆடி மாதத்திலும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கீழ்க்கையைத் தொடாமல், மேற்கையை 300இலிருந்து 200ஆக வெட்டினாலும் அதே நாலுக்கு ஒன்றுதான் வரும். ஆகவே உலகின் மிக மலிவான ஷார்ட் ஷிஃப்டர் ஒரு ஹேக்ஸா பிளேடு. வெட்டிய பிறகு குமிழ் தாழ்ந்து போய், கியர் போடக் குனிய வேண்டியிருக்கும். குமிழைத் திருகி மாட்டும் மரையும் வெட்டிய துண்டோடு போயிருக்கும். இருப்பினும் கணக்கு கணக்குதான். ஷார்ட் ஷிஃப்டர் விற்போர் இவ்வுண்மையை மறுப்பதில்லை; அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

4. முன்னோர் கருத்துகள்

இப்பொருளில் இரு பள்ளிகள் உண்டு. குட்டையர் கொள்கையாவது, "கியர் நச்சுனு விழும்" என்பது (இளைஞர் ஒருவர், வாய்மொழி, மாட்டுவதற்கு முந்தைய நாள்). நெட்டையர் மறுப்பாவது, "நல்லாத்தானேப்பா இருக்கு, அதை எதுக்கு நோண்டுற?" என்பது (மேற்படியாரின் தந்தை, வாய்மொழி, விலை கேட்ட பின்).

இரண்டுக்கும் நடுவே நிற்பது பட்டறைப் பள்ளி. "போட்டாலும் ஓடும், போடாட்டியும் ஓடும் சார்" என்பது அதன் மூலபாடம் (மெக்கானிக், வாய்மொழி, டீக்கு முன்). "போடறதுதான் சார் நல்லது" என்றொரு பாடமும் கிடைக்கிறது (அதே மெக்கானிக், டீக்குப் பின், கூலி பேசி முடிந்த நிலையில்). இவ்விரண்டில் எது மூலம், எது பிற்காலத்தது என்று துணிய, டீ ஆறிய வேகத்தைக் கொண்டு காலக்கணிப்புச் செய்ய வேண்டும். செய்யப்படவில்லை.

பெட்டியோடு வரும் செய்முறைத் தாள் இத்துறையின் ஒரே ஏட்டுச்சுவடி. இவ்வாய்வுக்குக் கிடைத்த படியில் மூன்றாம் வரி கிரீஸ் பட்டுச் சிதைந்திருந்தது. பந்தைக் குறித்து 'கிரீஸ் தட…' என்பதோடு வரி முறிகிறது. 'தடவுக' என்று நிரப்புவர் ஒருசாரார், 'தடவற்க' என்பர் மற்றொருசாரார் (மெக்கானிக்கின் மைத்துனர், கைபேசி வழி, பின்னணியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது இருமுறை கேட்டு, இருமுறையும் வெவ்வேறாகச் சொல்லப்பட்டு, இரண்டாவதே பாடமாகக் கொள்ளப்பட்டது, முதலாவதே சரி என்று அவர் மனைவி அருகிலிருந்து கூறியது அடிக்குறிப்பில் சேர்க்கத்தக்கது, ஆயின் இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லை). வரியை மறைத்திருந்ததே கிரீஸ்தான் என்பதால், முன்னோர் தடவினர் என்பதற்குப் புறச்சான்றும் ஆயிற்று.

5. வகைப்பாடு

குட்டை ராடு மாட்டுவோர் நால்வகையர்: மாட்டி ஓட்டுவோர், மாட்டிக் காட்டுவோர், மாட்டிக் கழற்றுவோர், மாட்டாமலே பேசுவோர். நாலாம் வகையே எண்ணிக்கையில் மிகுதி, அறிவிலும் மிகுதி.

6. கியரும் ஏழு திணையும்

எதைக் கொடுத்தாலும் அது தொல்காப்பியத்தில் உண்டு என்று மூன்று நாள் கருத்தரங்கில் நிறுவ வல்லார் நிறைந்த நாட்டில், இப்பகுதி இல்லாமல் கட்டுரை அச்சேறாது. நல்லவேளையாக உண்மையும் ஒத்துழைக்கிறது. தொல்காப்பியம் கூறும் திணைகள் ஏழு. ஐந்து கியர், ஒரு நியூட்ரல், ஒரு ரிவர்ஸ்: ஆக ஏழு. இதைத் தற்செயல் என்போருக்குக் கருத்தரங்கில் சான்றிதழ் வழங்கப்படாது.

முதல் கியர் குறிஞ்சி. மலையேறுவது அதில்தான். எஞ்சினும் சக்கரமும் முதன்முதல் கூடுவதும் அதில்தான். அக்கூட்டத்தை முடித்துவைப்பது கிளட்ச்; ஆகலின் கிளட்ச் தோழி என்க. அவளை மதியாமல் தலைவன் அவசரப்பட்டால் 'கர்ர்' என்று எழும் ஓசையே அலர். தெருமுனை வரை கேட்கும்.

இரண்டாம் கியர் முல்லை. முன்னே போகும் தண்ணீர் லாரி எப்போது வழிவிடும் என்று ஆற்றியிருத்தல் இதன் உரிப்பொருள். மூன்றாம் கியர் மருதம். நாலுக்கு ஏற்றினால் முனகும், இரண்டுக்கு இறக்கினால் உறுமும், ஊடல் வெளிப்படை. நாலாம் கியர் நெய்தல்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டே பெட்ரோல் முள்ளைப் பார்த்து இரங்குதல். ஐந்தாம் கியர் கைக்கிளை. நகரத்து ஓட்டுநர் அதை விரும்புகிறார். நகரம் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலே கியரோடு 1983இல் வந்த மாருதி 800 கைக்கிளையே இல்லாத வண்டி என்பதால், அகத்திணை ஒழுக்கத்தில் அதுவே சிறந்ததாகலாம்.

நியூட்ரல் பாலை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. நியூட்ரலுக்கும் கியர் பாக்ஸுக்குள் சொந்தமாக ஒரு பற்சக்கரம் கிடையாது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். நியூட்ரலில் எஞ்சினும் சக்கரமும் பிரிந்தே இருக்கின்றன. எஞ்சின் மட்டும் தனியே புலம்பிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் பெருந்திணை, அதாவது பொருந்தாதது. பல வண்டிகளில் மற்றக் கியர்களுக்கெல்லாம் பற்சக்கரங்களின் வேகத்தை ஒப்பாக்கும் சின்க்ரோ இருந்தும் ரிவர்ஸுக்கு மட்டும் வைப்பதில்லை. வண்டி நன்றாக நிற்குமுன் போட்டால் கியர் பாக்ஸ் ஒப்பாதென்பது அனைவரும் அறிந்ததே.

இனி, ஆறு கியர் உள்ள வண்டிகளுக்குத் திணை எட்டாகுமே, கொள்கை வழுவாதோ எனின், வழுவாது. ஆறாவது கியர் இடைச்செருகல். கொள்கைக்கு ஒத்துவராத பகுதியை இடைச்செருகல் என்று ஒதுக்கும் உரிமை பதிப்பாசிரியர் அனைவர்க்கும் உண்டு. இக்கட்டுரையாளர்க்கு மட்டும் மறுக்கப்படுவதற்கு நியாயமில்லை.

இவ்வளவும் குட்டை ராடுக்கு எப்படிப் பொருந்தும் என்பார்க்கு விடை: திணைமயக்கம். சில ஷார்ட் ஷிஃப்டர்கள் முன்பின் தூரத்தை மட்டுமல்லாது இடவல தூரத்தையும் குறைக்கின்றன. நாலாவதும் இரண்டாவதும் அடுத்தடுத்த தடத்தில், இரண்டும் பின்புறமாக இழுத்துப் போடுபவை. தடங்கள் நெருங்கிய வண்டியில், வேகமாகப் போகும்போது ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கும் கை ஒரு தடம் கூடுதலாக நகர்ந்து இரண்டில் விழக்கூடும். நெய்தலில் இருக்க வேண்டியவன் முல்லையில் புகுந்தானாயிற்று. அப்போது சக்கரம் எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும். வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளவும் நேரலாம். திணை மயங்குவதை இலக்கணம் அனுமதிக்கிறது. எஞ்சின் அனுமதிப்பதில்லை. செய்யுளில் வழுவமைதி உண்டு. பட்டறையில் பில் உண்டு.

7. நேரம் மிச்சமாகும் என்னும் வாதம்

குட்டையரின் தலையாய வாதம் இது. இதை ஆராய, ராடைவிட்டுக் கியர் பாக்ஸுக்குள் இறங்க வேண்டும். 1928இல் காடிலாக் காரில் சின்க்ரோ வருவதற்கு முன், ஓட்டுநரே டபுள் கிளட்ச் அடித்து, எஞ்சினை உறுமவிட்டு, பற்சக்கரங்களின் வேகத்தை ஒப்பாக்க வேண்டியிருந்தது. சின்க்ரோ அந்த வேலையைத் தான் வாங்கிக்கொண்டது. கூம்பு வடிவ வளையம் பற்சக்கரத்தோடு உரசி, வேகம் ஒத்துவந்த பின்னரே கியரை உள்ளே விடும். அந்த உரசலுக்கு என்று ஒரு நேரம் உண்டு. வெளியே ராடு நெட்டையா குட்டையா என்பது வளையத்துக்குத் தெரியாது. ராடு சீக்கிரம் வந்து நின்றுகொண்டு உள்ளே போகத் துடித்தாலும் வளையம் தன் கணக்கை முடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அடித்துத் தள்ளினால் தேய்வது வளையம்தான். போர்ஷ் 911இல் 1970களில் வந்த 915 கியர் பாக்ஸில் கியரை நிதானமாகவே மாற்ற வேண்டும் என்பது அந்த வண்டிக்காரர்களிடையே பழகிப்போன அறிவுரை. பல ஆயிரம் டாலர் வண்டியிலும் வளையம் வளையம்தான்.

உண்மையாகவே நேரம் வேண்டியிருந்தோர் என்ன செய்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. 1989இல் ஃபெராரி, ஃபார்முலா ஒன் காரில் ராடையே எடுத்துவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்தது. அந்தக் கார் தன் முதல் பந்தயத்தையே பிரேசிலில் வென்றது. ஓட்டியவர் நைஜல் மேன்சல். 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32, கியரைத் தானே மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸோடு தெருவுக்கே வந்துவிட்டது. நேரம்தான் குறிக்கோள் என்றால் ராடைக் குட்டையாக்குவதில் தொடங்கும் வாதம் ராடே வேண்டாம் என்பதில்தான் முடியும். குட்டையர் யாரும் அதுவரை போகத் தயாரில்லை. ஆகவே அவர்கள் தேடுவது நேரம் அன்று என்பது பெறப்படும். மிச்சமாகும் அந்தக் கண்ணிமைப் பொழுதைச் சேமித்து வைத்துச் சைதாப்பேட்டை சிக்னலில் செலவழிப்பதற்கும் யாரும் திட்டம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

8. களஆய்வு

கியர் ராடு குழைகிறது, எங்கே போய் விழுகிறது என்றே தெரியவில்லை என்று வரும் வண்டிகளில், குற்றம் பலமுறை ராடின் நீளத்தில் இல்லை. அடியிலுள்ள புஷ்கள் தேய்ந்திருக்கும். ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆன அந்தச் சிறு வளையங்கள் போனால் ராடு ஆடும். அல்லது கியர் ஆயில் பழசாகியிருக்கும். புஷ்ஷும் ஆயிலும் மாற்றினால் பாதி வண்டியில் குட்டை ராடின் தேவையே போய்விடும். புஷ் மாற்றாமல் குட்டை ராடை மட்டும் மாட்டினால், முன்பு நீளமாக ஆடியது இனிக் குட்டையாக ஆடும்.

வண்டிக்கு வண்டி மாறுபாடும் உண்டு. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இல் ராடு கியர் பாக்ஸின் தலையிலேயே இறங்குகிறது. கம்பெனியே குட்டையாகத்தான் வைத்திருக்கிறது. அதை மேலும் குறுக்குவது திருக்குறளுக்குச் சுருக்கவுரை எழுதுவது. பழைய அம்பாசடரில் ராடே ஸ்டியரிங் தண்டில் இருந்தது. அங்கே குட்டையாக்கல் பற்றிய ஆய்வுக்கு மூவர் உட்காரும் முன்சீட்டின் நடுவரே தடையாக இருந்திருப்பார்.

9. முடிவு

திரட்டிய சான்றுகளால் பெறப்படுவன: தூரம் குறையும், பாரம் கூடும், நேரம் மிஞ்சாது, புஷ் தேய்ந்திருந்தால் பயனில்லை, கை தவறினால் எஞ்சின் போகும். இவ்வளவும் தெரிந்த பின்னும் இளைஞர் அதை மாட்டத்தான் போகிறார். காரணம், மூன்றிலிருந்து நாலுக்குத் தட்டும்போது மணிக்கட்டு மட்டும் அசைந்து கியர் நச்சென்று விழுவது அவருக்குப் பிடித்திருக்கிறது. இது முற்றிலும் போதுமான காரணம். ஆனால் 'பிடித்திருக்கிறது' என்று ஆய்வேட்டில் எழுத முடியாது; தந்தையிடமும் சொல்ல முடியாது. எனவே அவர் மில்லிமீட்டரில் பேசுகிறார். முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்குத் தரவு தேடுவதை அவரிடம் குற்றமாகச் சொல்லலாகாது. பட்டமே அப்படித்தான் வாங்குகிறார்கள், தேர்வாளருக்கு மதியச் சாப்பாடும் போட்டு.

ஆகவே: முதலில் புஷ், பிறகு ஆயில். அதன்பிறகும் கை அரித்தால், இடவலத் தூரத்தைத் தொடாத ராடாகப் பார்த்து வாங்கிக்கொள்க. ஏன் என்று கேட்பவரிடம் பிடித்திருக்கிறது என்று சொல்க.

10. மேலாய்வுக்குரிய களம்

ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது எழும் 'கிர்ரிக்' ஓசையை அலகிட்டு, அது எவ்வகைப் பாவில் அடங்கும் என்று காண வேண்டும். நிதி ஒதுக்கீடு எதிர்பார்க்கப்படுகிறது. கார் ஒன்றும் ஒதுக்கினால் நலம்.