ஷிப்ட் கட்டமும் தோசைக் கணக்கும்

வாடா பேராண்டி, உட்காரு. மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஏன்டா இப்படி முழிக்கிற? நாலு கேங், நாலு வாரம். ஏ, பி, சி, ஜெனரல்னு நாலு ஷிப்ட். எவனுக்கும் எதுவும் ரெண்டு தடவை வராம, ஒரே வாரத்துல ரெண்டு கேங்குக்கு ஒரே ஷிப்ட் விழாம சார்ட் போட 576 வழி இருக்காம். அதுக்கு இவ்வளவு அலப்பறையா?

நெய்வேலிக்கு நிலக்கரிக் கம்பெனி வந்தது 1956-ல. சுரங்கம் ராத்திரியில தூங்குமா? ஷிப்ட் சார்ட் எங்களுக்குப் புதுசா? நீ அதை லத்தீன் சதுரம்ங்கிற. சொல்லிக்கோ. ஆனா கேங்கை மாத்து, வாரத்தை முன்னபின்ன போடு, ஷிப்ட் எழுத்தை இடம் மாத்து. கடைசியில நிக்கிறது ரெண்டே சார்ட்டு! ஒரே தோசையைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டு 576-க்கு பில் போடுறியே, அடுக்குமா?

576-ன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சாம்! சொன்னா ஆச்சா? கணக்கு மேதை ஆய்லரே 1782-ல சொன்னாரு: ரெண்டு சதுரத்தை ஒண்ணுமேல ஒண்ணு வச்சா எந்த ஜோடியும் ரெண்டு தடவை வராத மாதிரி 10-க்கு 10 கட்டத்துல முடியவே முடியாதுன்னு. ஊரே 177 வருஷம் தலையாட்டுச்சு. நம்ம போஸும் ஸ்ரீகண்டேயும், கூட பார்க்கரும், 1959-ல அதைப் பொய்யாக்கிட்டாங்க. பெரியவரு சொன்னாலும் போட்டுப் பாக்கணும்டா.

இப்ப பன்முகின்னு ஒண்ணு சொல்றியே, அது சங்கதி. நாலு வாரத்துக்கும் நைட் ஷிப்டை நாலு கேங்குக்குப் பிரிச்சுக் குடுக்க 24 வழி. வழிக்கு ஒரு மூலை, மொத்தம் 9 பரிமாணம். வாரத்தைத் துண்டு துண்டாப் பங்கு போட்டாலும் அந்த மூலைகளுக்குள்ளதான் அடங்கும்னு பர்க்காஃப் 1946-ல நிரூபிச்சாரு. ஷிப்டுக்கு ஒரு மூலைன்னா உன் சார்ட்டுக்கு நாலு மூலை. நாலுக்கும் சராசரி போடு. நட்டநடுவுல வந்து நிக்கும். அங்க ஆளுக்குக் கால் பங்கு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதைத்தானேடா யூனியன்காரன் கேட் வாசல்ல நின்னு கேட்டான்? அவன் 9 பரிமாணமா படிச்சான்?

இன்னொண்ணு கேளு. வாரத்தை இடம் மாத்தினாலும் ஒரே சார்ட்டுங்குது கணக்கு. விடிய விடிய நைட் பாத்துட்டு வந்தவனை மறுநாளே காலை ஷிப்டுக்குக் கூப்பிட்டா அவன் எப்படா தூங்குவான்? கணக்கு அதைக் கேக்காது. நீ கேக்கணும். முதல்ல ஒரு வாரம் சி ஷிப்ட், அதான் நைட், பாத்துட்டு வா. அப்புறமா சார்ட் போடு.