'நெட் வரல': முதல், கரு, உரி

தமிழ்நாட்டு வீடுகளில் 'சாப்டாச்சா'வுக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கும் வாக்கியம் 'நெட் வரல' என்று சொன்னால் மறுப்பதற்கு ஆள் இருக்காது. இலக்கணப்படி பார்த்தால் எழுவாயும் எதிர்மறை வினைமுற்றும் சேர்ந்த முழு வாக்கியம். பொருள்படி பார்த்தால் வெறும் புலம்பல். ஏனெனில் ஐந்தாறு வெவ்வேறு நோய்களுக்கு இந்த ஒரே பெயர்தான் இருக்கிறது. ஃபைபர் அறுந்திருக்கலாம். ரௌட்டர் மயங்கியிருக்கலாம். வைஃபை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கலாம். இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் உறங்கியிருக்கலாம். பில் கட்டாமலும் இருந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை எந்த வீட்டிலும் யாரும் முதலில் சொன்னதாகத் தகவல் இல்லை.

இத்துறைக்கென்று இலக்கண நூல் ஏதும் இல்லாததால், பழைய பொருளிலக்கணத்தையே கடன் வாங்குவது இக்கட்டுரையின் துணிபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் கிடக்கும் பண்டங்கள் கருப்பொருள். அங்கே மாந்தருக்கு உண்டாகும் உணர்ச்சி உரிப்பொருள். மூன்றையும் பார்க்காமல் கஸ்டமர் கேருக்குப் போன் போடுகிறவர், நாடி பிடிக்காமல் கஷாயம் காய்ச்சுகிறவருக்கு ஒப்பாவார்.

முதலில் நிலம். ரௌட்டர் ஒரு வீட்டில் எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த வீட்டுக்காரர் அல்லர். டிரில் மெஷினோடு வந்த பையன். பால்கனி ஓரமாகவோ வாசல்படிக்கு மேலோ எங்கே வயர் சுலபமாக நுழையுமோ அங்கே துளை விழும். துளைக்குப் பக்கத்தில் பெட்டி தொங்கும். அவர் கிளம்பிய மறுநாள் வீட்டம்மா அதைப் பார்த்து 'கண்றாவியா இருக்கு' என்று தீர்ப்புச் சொல்ல, ரௌட்டர் டிவிக்குப் பின்னாலோ ஷோகேஸுக்குள்ளோ குடியேறும். சில வீடுகளில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல். ஆக, வீட்டின் நடுவில் இருக்க வேண்டிய பொருள் எல்லையில் நின்று, பாதி அலையை வீட்டுக்கும் பாதியைத் தெருவுக்கும் வழங்கிக்கொண்டிருக்கிறது. தெருநாய்களுக்கு இதனால் பயன் உண்டா என்பது தனி ஆய்வு.

ஆன்டெனாவின் தருமமும் இங்கே சொல்லத்தக்கது. அது டார்ச் லைட் மாதிரி நீட்டிய பக்கம் அலையை அடிக்கும் என்று பலர் நம்பி, படுக்கையறையை நோக்கித் துப்பாக்கிபோல் திருப்பி வைக்கிறார்கள். உண்மையில் குச்சி ஆன்டெனாவைச் சுற்றி அலை பரவும் வடிவம் மெதுவடையை ஒத்தது. குச்சி இருப்பது வடையின் ஓட்டையில். குச்சி நீண்டிருக்கும் திசையில்தான் ஓட்டை. அங்கே அலை மிகக் குறைவு. ஆகவே படுக்கையறையைக் குறிபார்த்து வைத்தவர் தமக்குத் தாமே ஓட்டையைப் பரிமாறிக்கொள்கிறார். ஒரே தளத்து வீடென்றால் குச்சி நிமிர்ந்து நிற்க வேண்டும். மாடியும் உண்டென்றால் ஒன்றைப் படுக்க வைக்கலாம்.

அடுத்துக் கருப்பொருள். இந்த இயல்தான் வளமானது. தெய்வம், உணவு, மரம், பறை என்று பழையவர்கள் பட்டியலிட்டதுபோல் இங்கே பீரோ, ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியின் முதுகில் பூசிய உலோகமும் அதையே செய்யும். தண்ணீர் அலையை விழுங்கும்; ஆகவே மீன் தொட்டியும், சோபாவில் வரிசையாக உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கும் உறவினர்களும் அறிவியலுக்கு ஏறத்தாழ ஒன்றே. கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் லேசுப்பட்டதல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரென்றால் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, சுவர்களை ஓரளவு சமாளிக்கும். ரௌட்டர் காட்டும் இரண்டு பெயர்களில் எதில் சேர்வது என்ற குழப்பத்துக்கு விடை இவ்வளவுதான்: ஹாலில் 5, அடுத்த அறைக்கு அடுத்த அறையில் 2.4.

பின்கட்டு அறையில் ஒரு புள்ளிகூட எட்டாத மூலை இருக்குமே, அதற்குப் பாலை என்று பெயரிடலாம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, நல்ல நிலம் இயல்பு திரிந்தே பாலையாகிறது என்ற பழைய கருத்து இங்கே துல்லியமாகப் பொருந்துகிறது. பீரோ வருவதற்கு முன் அதுவும் முல்லையாகத்தான் இருந்தது. 2014இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் தம் வீட்டுத் தளப்படத்தை வைத்து, ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டைப் போட்டு, வைஃபை எந்த மூலையில் வாடுகிறது என்று கணக்கிட்டே காட்டினார். நம் வீடுகளில் இதே ஆராய்ச்சியைப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்து நடந்து சமன்பாடில்லாமல் செய்கிறார்கள்.

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அது வேலை செய்வது ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸில். வைஃபையின் ஆறாம் சேனல் 2437, பதினொன்றாம் சேனல் 2462. நடுவே உட்கார்ந்து சாம்பாரைச் சூடாக்குகிறது அடுப்பு. யார் யாருடைய இடத்தில் புகுந்தார்கள் என்று வழக்குப் போட்டால் அடுப்பே ஜெயிக்கும்: மேசைமேல் வைக்கும் வீட்டு அடுப்பு 1967இலேயே அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது, வைஃபைக்கு அடிப்படையான தரநிலை வந்தது 1997இல். முப்பது ஆண்டு மூத்த குடித்தனக்காரர் அது.

இது வீட்டுச் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகருக்கு அருகே 64 மீட்டர் அகல வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 1998 முதல் அதில் அவ்வப்போது விநோதமான துடிப்புகள் பதிவாயின. பெரிட்டன் என்று ஒரு கற்பனை மிருகத்தின் பெயரும் சூட்டினார்கள். 2015இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆய்வாளரின் குழு கண்டறிந்த மூலம், அதே வளாகத்துச் சமையலறை. அடுப்பு ஓடி முடிவதற்குள் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தவர்களின் பசிதான் 17 ஆண்டுகள் வானியலைக் குழப்பியிருக்கிறது.

இன்னொன்று வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமத்தில். ஒன்றரை ஆண்டுகளாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். கேபிளையெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அலை அளக்கும் கருவியோடு விடியற்காலையில் தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக ஏழு மணிக்கு ஒரு வீட்டில் பழைய டிவியைப் போட்டார்கள். அது கக்கிய மின் இரைச்சல்தான் ஊரையே கெடுத்திருந்தது. 2020இல் வெளியே வந்த செய்தி இது. அந்த வீட்டுக்காரர் வெட்கப்பட்டு டிவியை நிரந்தரமாக அணைத்துவிட்டார்.

பொழுதுக்கு வருவோம். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை நெட் மந்தம் என்பது அனுபவ உண்மை. தெருவுக்கு வரும் ஒரே கண்ணாடி இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருவது வழக்கம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் ஓடும். வைஃபையின் நெரிசல் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் பெயருக்கு 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்ககத்தில் இருபது ரௌட்டர்கள் என்றால், மூன்று கல்யாண மண்டபங்களில் இருபது மேளக் கச்சேரி. போனில் ஒரு இலவசச் செயலியைப் போட்டுப் பார்த்து, ஆள் குறைந்த மண்டபத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

உரிப்பொருள் ஊடல். இதன் சிறப்பிடம் தொலைபேசி.

'சார், ரௌட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.'

'அதெல்லாம் அப்பவே பண்ணியாச்சும்மா.'

பண்ணியிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பெண் சொல்வது சடங்கு என்று எண்ணுவது தவறு. ரௌட்டர் என்பது சின்னக் கணினி. நாள்கணக்கில் ஓடினால் நினைவகம் அடைந்துபோகும், எந்தப் போனுக்கு எந்தத் தகவல் என்று அது வைத்திருக்கும் பட்டியல் நிரம்பிவிடும், சூடும் ஏறும். அணைத்தால் எல்லாம் வெறுமையாகி, நிறுவனத்தோடு புதிதாகக் கைகுலுக்கும். அரை நிமிடம் காத்திருக்கச் சொல்வதும், உள்ளே மின்தேக்கிகளில் தங்கிய மிச்ச மின்சாரம் வடியட்டும் என்றுதான். ஒரே எச்சரிக்கை: பின்பக்கம் குண்டூசி நுழையும் துளை ஒன்று உண்டு. அது ரீசெட். பல வீடுகளில் அதைக் குத்தினால் நிறுவனம் ஏற்றிவைத்த பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்தே அழியும். பிறகு டிரில் மெஷின் பையன் மறுபடி வந்தாக வேண்டும்.

சிவப்பு விளக்கு சிமிட்டினால் வைஃபையை ஆராய வேண்டாம். ஃபைபரில் ஒளி வரவில்லை என்பதே அதன் பொருள். அணிலோ ஜேசிபியோ காரணமாயிருக்கும். அதற்கு முன், பீரோவை நகர்த்தும்போது அந்த மெல்லிய வயர் சுவருக்கும் பீரோவுக்கும் இடையே மடிந்து நசுங்கியதா என்று பார்த்துவிடலாம். கண்ணாடி இழை கூர்மையாக மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

'டவர் ஃபுல்லா காட்டுது, நெட் வரல' என்பது அடிக்கடி கேட்கும் முரண். போனுக்கும் ரௌட்டருக்கும் நடுவே சாலை நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அந்தப் புள்ளிகள் சொல்லும். அதற்கப்பால் அவை சாட்சி அல்ல. ஆன்ட்ராய்டு போன் இதைத் தானே சோதிக்கிறது. கூகுளின் சர்வருக்குச் சின்னக் கேள்வி அனுப்பி, 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கும். ஒன்றுமில்லாத பதில் வந்தால் எல்லாம் சரி.

அப்புறம் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் படம் விநாடிக்கு 12 எம்பிதான் இறங்குகிறது என்று நிறுவனத்தைத் திட்டும் தகப்பன்மார்கள். அங்கே பிட், இங்கே பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. நிறுவனம் இந்த ஒரு விஷயத்தில் நிரபராதி.

மற்ற விஷயங்களில் குற்றவாளி யார் என்று அறிய ஒரு சோதனை போதும். லேப்டாப்பை லேன் வயரில் ரௌட்டரோடு நேராக மாட்டி வேகம் பார்க்க வேண்டும். வயரிலும் மந்தம் என்றால் தாராளமாகப் போன் போட்டுச் சண்டை பிடிக்கலாம். வயரில் முழு வேகம் வந்தால் நெட் வாசல்வரை ஒழுங்காக வந்துவிட்டது, வீட்டுக்குள்ளேதான் தொலைகிறது. பிறகு செய்ய வேண்டியது, அந்தப் பெட்டியை ஷோகேஸிலிருந்து விடுவித்து, வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைப்பது. ஃபைபர் அவ்வளவு தூரம் வராதென்றால், இன்னொரு ரௌட்டரை லேன் வயர் இழுத்து அங்கே மாட்டலாம். லேன் வயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் தாங்கும். எந்த அடுக்ககத்து ஹாலும் அவ்வளவு நீளம் இல்லை.